பாக்கெட் பிஸ்டல்: பையில் வைக்கும் முன் சுடுதளத்தில் பார்க்க வேண்டியவை
வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் புதிதாகச் சிறிய பிஸ்டல் வாங்கிய வாசகர்களும், இந்தியாவில் .32 பிஸ்டலுக்கு உரிமம் வைத்திருக்கும் வாசகர் ஒருவரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி (டாலஸ்): கிரீன் கார்டு கிடைத்த பிறகு ருகர் எல்சிபி மேக்ஸ் என்ற பாக்கெட் பிஸ்டல் வாங்கினேன். "பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பாக்கெட்டில் வைக்கலாம்" என்றார் கடைக்காரர். சுட்டுப் பார்க்காமல் வைக்கலாமா? பார்ப்பதென்றால் எத்தனை தோட்டா, எந்த வரிசையில்?

பதில்: வைக்கவே கூடாது. பெரிய பிஸ்டலைவிடப் பாக்கெட் பிஸ்டலுக்குத்தான் சோதனை அதிகம் வேண்டும். எல்சிபி மேக்ஸ் 2021-இல் வந்த மாடல். .380 ஏசிபி என்ற அளவுத் தோட்டா; மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) பத்து, சேம்பரில் (சுடுவதற்குத் தோட்டா ஏறி நிற்கும் அறை) ஒன்று. வெற்று எடை சுமார் 300 கிராம், பேரல் (குழல்) 71 மில்லிமீட்டர்தான். இந்த அளவுக்குள் எல்லாவற்றையும் அடக்கும்போது ஸ்லைடு (சுடும்போது பின்னே போய் முன்னே வரும் மேல்பகுதி) இலேசாகிவிடுகிறது. அது பின்னால் போகும் தூரமும் குறைகிறது. வெற்றுக் கேஸை (சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு) இழுத்து வெளியே எறிய வேண்டும், அதே இடைவெளியில் மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கியிருக்க வேண்டும், ஸ்லைடு முன்னே வந்து அதைச் சேம்பருக்குள் தள்ளிப் பூட்ட வேண்டும். பெரிய பிஸ்டலில் இதற்கெல்லாம் தாராளமாக இடமும் நேரமும் உண்டு. இதில் கிடையாது. எண்ணெய் வற்றியிருந்தாலோ, மேகசின் ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தாலோ, கை தளர்ந்தாலோ அந்தச் சுழற்சி பாதியில் நின்றுவிடும்.

முதல் வேலை வீட்டில். மேகசினைக் கழற்றுங்கள், ஸ்லைடை இழுத்துச் சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டு விரலை விட்டும் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். இந்த மாடலைக் கழற்ற, ஃபிரேமின் (பிடியோடு சேர்ந்த கீழ்ப்பகுதி) பக்கவாட்டில் உள்ள சிறு பின்னை ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பி எடுக்க வேண்டும். கீழே ஒரு துணியை விரித்துக்கொண்டு செய்யுங்கள். பின் உருண்டு தொலைந்தால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. தொழிற்சாலையில் பூசி அனுப்பும் எண்ணெய் துருப் பிடிக்காமல் இருப்பதற்கானது. அதைத் துடைத்தெடுத்து, பேரலுக்குள் உலர்ந்த துணித்துண்டை ஓட்டி, ஸ்லைடு ஓடும் தடங்களிலும் பேரலின் மேல் விளிம்பிலும் துப்பாக்கி எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். நிறைய விட்டால் வெடிமருந்துக் கரியும் பாக்கெட் தூசியும் அதில் ஒட்டிச் சேறாகிவிடும்.

சுடுதளத்தில் முதல் சுற்றுக்கு மேகசினில் ஒரே ஒரு தோட்டா. புதுத் துப்பாக்கியில் கோளாறு இருந்து ஒரு அழுத்தலுக்கு இரண்டு வெடித்தால், இரண்டாவதற்கு உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது. கேஸ் சுத்தமாக வெளியே வந்து விழுகிறதா, ப்ரைமரின் (தோட்டாவின் அடியில், அடிபட்டதும் தீ மூட்டும் சிறு மூடி) நடுவில் ஆழமாக அடி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது இரண்டு, பிறகு ஐந்து, அதன் பிறகே மேகசின் நிறைய.

மொத்தம் 200 தோட்டா என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் 100 சாதாரண முழு உலோக உறை போட்டவை, ஒரே கம்பெனி. அடுத்த 50 வேறு கம்பெனி. கடைசி 50 நீங்கள் பையில் வைக்கப்போகிற அதே ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி உள்ள தோட்டா). .380 தோட்டா 9 மி.மீ.யைவிட விலை கூடுதல், ஹாலோ பாயிண்ட் அதைவிடக் கூடுதல்; பலர் கடைசி 50-ஐ விட்டுவிடுவது அதனால்தான். விடாதீர்கள். உருண்டை மூக்குத் தோட்டா வழுக்கிக்கொண்டு ஏறும் சரிவில், தட்டை மூக்குத் தோட்டா முட்டி நிற்கலாம். முதல் 50-இல் ஒன்றிரண்டு சிக்கல் வந்தால் புது உலோகம் பழகுகிறது என்று பொறுக்கலாம். கடைசி 50-இல் ஒன்று சிக்கினாலும் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டு, அந்த 50-ஐ மறுபடி முதலிலிருந்து சுட வேண்டும். ஒரே நாளில் 200 சுட்டால் கை வலித்து, கடைசி நூறில் துப்பாக்கியின் குறை எது, கையின் குறை எது என்று தெரியாமல் போகும். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): என் .380 பிஸ்டல் பத்துக்கு ஒருமுறை நின்றுவிடுகிறது. ஒருமுறை வெற்றுக் கேஸ் நடுவில் மாட்டிக்கொள்கிறது, ஒருமுறை ஸ்லைடு முழுதாக மூடுவதில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்கும் முன் ஒரு குறிப்பேடும் பேனாவும் எடுத்துப்போங்கள். மேகசின்களின் அடியில் 1, 2 என்று மார்க்கரால் எழுதுங்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் எந்த மேகசின், எந்தக் கம்பெனித் தோட்டா, மேகசினில் எத்தனையாவது, எப்படி நின்றது என்ற நான்கையும் எழுதுங்கள். ஐம்பது தோட்டாவுக்குள் குற்றவாளி தெரிந்துவிடும். மேகசின் 2-இல் மட்டும் வருகிறதென்றால் அந்த மேகசினை மாற்றினால் போதும். ஒரு கம்பெனித் தோட்டாவில் மட்டும் என்றால் அந்தத் தோட்டாவை விட்டுவிடலாம். நிரப்பியதும் முதல் தோட்டாவிலேயே என்றால் புது மேகசின் ஸ்பிரிங்கின் இறுக்கம். மேகசினை நிரப்பிச் சில நாள் வைத்தால் பெரும்பாலும் இளகும்.

வெற்றுக் கேஸ் செங்குத்தாக நின்று ஸ்லைடில் கடிபடுவதற்கு, சிறிய பிஸ்டல்களில் முதல் காரணம் மணிக்கட்டுத் தளர்வு. ஸ்லைடு பின்னால் ஓட, ஃபிரேம் அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு மடங்கினால் ஃபிரேமும் சேர்ந்து பின்னே போகும். ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது. இதைச் சோதிப்பது எளிது: தளத்தில் இருக்கும் அனுபவசாலி ஒருவரிடம் அதே மேகசின், அதே தோட்டாவோடு கொடுத்துச் சுடச் சொல்லுங்கள். அவருக்கு நிற்கவில்லை என்றால் பிடியைத் திருத்த வேண்டும். அவருக்கும் நின்றால் எக்ஸ்ட்ராக்டர் (கேஸைப் பிடித்து இழுக்கும் கொக்கி) நகத்தின் அடியில் பித்தளைத் துகளோ கரியோ சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்லைடு கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மூடாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் அழுக்குச் சேம்பர், வற்றிய எண்ணெய், அல்லது கையால் ஸ்லைடைப் பிடித்துக்கொண்டே மெதுவாக முன்னே விடும் பழக்கம் காரணம். ஸ்லைடை முழுதாகப் பின்னே இழுத்துச் சட்டென்று விட்டுவிடுங்கள். ஸ்பிரிங் தன் முழு வேகத்தில் மூடட்டும்.

தோட்டா வெடிக்கவில்லை என்றால் வாய்ப்பகுதி இலக்கை நோக்கியபடியே 30 விநாடி பொறுங்கள், தாமதமாக வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு. அதன் பிறகு வெளியே எடுத்து ப்ரைமரைப் பாருங்கள். அடி லேசாக இருந்தால் துப்பாக்கியைத்தான் சந்தேகிக்க வேண்டும்; ஆழமாக இருந்தால் தோட்டாவை. இதைவிட முக்கியமானது ஒன்று: வழக்கமான சத்தத்துக்குப் பதில் "புஸ்" என்று மட்டும் கேட்டு, உதையும் இல்லாமல் போனால் அந்தக் கணமே நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பேரல் வெடிக்கும். துப்பாக்கியை வெறுமையாக்கி, கழற்றி, பேரலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் தள அதிகாரியிடம் கொடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் இரண்டு மேகசினிலும், மூன்று வகைத் தோட்டாவிலும், இரண்டு பேர் கையிலும் நிற்கிறதென்றால் குறிப்பேட்டின் நகலோடு கம்பெனிக்கு அனுப்புங்கள். "அடிக்கடி சிக்குது" என்று மட்டும் எழுதி அனுப்பப்படும் துப்பாக்கியைவிட, விவரத்தோடு போகும் துப்பாக்கி சரியாகித் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): .380 சின்னத் தோட்டாதானே, ஏன் 9 மி.மீ. கிளாக் பிஸ்டலைவிடக் கை வலிக்கிறது? ஏழு கெஜத்தில் எல்லாமே இடப்பக்கம் கீழே போகிறது. சைட் (குறிபார்க்கும் முனை) கோணலா?

பதில்: சைட் கோணலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் கீழே போனால், வெடிக்கப்போகிறது என்று எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே அழுத்துகிறது என்று அர்த்தம். அதை நிரூபிக்க வழி உண்டு. நண்பரிடம் மேகசினைக் கொடுத்து, நீங்கள் பார்க்காமல் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே இரண்டு மூன்று டம்மித் தோட்டாவைக் கலந்து நிரப்பச் சொல்லுங்கள். டம்மி வரும்போது வெடிக்காது. ஆனால் உங்கள் பிஸ்டலின் முனை தலை குனிவதை நீங்களே பார்ப்பீர்கள். அந்தக் குனிவு நிற்கும்வரை தோட்டாவைச் செலவழிப்பதில் பயன் இல்லை.

வலிக்குக் காரணம் எடை. 9 மி.மீ.யின் உதை மொத்தத்தில் பெரியதுதான், ஆனால் கிளாக் 19 வெறுமையாகவே எல்சிபி மேக்ஸைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கனம். இலேசான துப்பாக்கி வேகமாகப் பின்னே பாய்ந்து, குறுகிய பின்பக்கத்தால் உள்ளங்கையின் ஒரே இடத்தில் இடிக்கிறது. பிடியில் சுண்டு விரலுக்கு இடமில்லாதபோது அந்தப் பாய்ச்சலை இரண்டு விரல்தான் தாங்குகின்றன. சுண்டு விரலுக்கு இடம் தரும் நீட்டிய மேகசின் அடிப்பலகையைப் பயிற்சிக்கு மாட்டிக்கொள்ளலாம். ஆனால் உங்கள் மாநிலத்தில் மேகசினுக்குப் பத்துத் தோட்டாதான் வரம்பு. 12 கொள்ளும் நீட்டிப்பு மேகசின் உங்களுக்கு ஆகாது. கொள்ளளவைக் கூட்டாத அடிப்பலகையாகப் பாருங்கள்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவு பிஸ்டலில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே ஏறத்தாழ 10 சென்டிமீட்டர்தான். முன் சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினால் ஏழு கெஜத்தில், அதாவது 6.4 மீட்டரில், குண்டு 64 மில்லிமீட்டர் விலகும். சைட் இடைவெளி 15 சென்டிமீட்டர் உள்ள பிஸ்டலில் அதே பிசகு 43 மில்லிமீட்டரோடு நிற்கும். மூன்று கெஜத்தில் தொடங்கி ஐந்து, ஏழு என்று போங்கள். ஏழு கெஜத்தில் அவசரமில்லாமல் சுட்டுப் பத்தும் 20 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் இருந்தால் துப்பாக்கியும் நீங்களும் நன்றாக இருக்கிறீர்கள். 25 கெஜத்தில் இதைச் சோதித்து மனம் நொந்துபோகத் தேவையில்லை.

பிடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெரிய பிஸ்டலில் இடக்கைக் கட்டைவிரலை முன்னே நீட்டிப் பழகியவர்களுக்கு, இந்த 71 மி.மீ. பேரலில் விரல் நுனி வாய்ப்பகுதிக்கு மிக அருகே வந்துவிடும். இடக் கட்டைவிரலை வலக் கட்டைவிரலின் மேல் மடித்து வையுங்கள். அதற்காக ஸ்லைடின் பின்னால் கொண்டுபோகாதீர்கள்; ஓடிவரும் ஸ்லைடின் அடிப்பக்கம் தோலைக் கிழிக்கும்.

கேள்வி (ஆர்லாண்டோ): ".380 +பி" என்று அச்சிட்ட தோட்டா வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்கத் தோட்டாக்களுக்கு அழுத்த வரம்பு நிர்ணயிக்கும் சாமி (SAAMI) என்ற அமைப்பு .380 ஏசிபிக்கு +பி (வழக்கத்தைவிட அதிக அழுத்தம்) என்று ஒரு தரமே வைக்கவில்லை. வழக்கமான .380-க்கு உச்ச அழுத்தம் 21,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), 9 மி.மீ. லூகருக்கு 35,000. அந்தப் பெட்டிக்குள் எவ்வளவு அழுத்தம் என்பதை அதைச் செய்தவர் மட்டும்தான் அறிவார்.

கேள்வி (அட்லாண்டா): என் தங்கை எஃப்-1 விசாவில் படிக்கிறாள், அவள் கணவர் எச்-1பி. இருவரையும் சுடுதளத்துக்குக் கூட்டிப்போய் என் பிஸ்டலைச் சுட்டுப் பார்க்கச் சொல்லலாமா? வாங்கப்போவதில்லை, சும்மாதான்.

பதில்: நம்மவர்கள் அதிகம் தவறுகிற இடம் இது, தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். குடியேற்றம் அல்லாத விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. எஃப்-1 (மாணவர்), எச்-1பி (வேலை), எச்-4 (எச்-1பி குடும்பத்தினர்) எல்லாம் இதில் அடங்கும். சுடுதளத்தில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் வாங்குவதும் "வைத்திருப்பது" என்று கொள்ளப்படலாம். செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. தளத்தில் யாரும் விசாவைக் கேட்கவில்லை என்பதால் அது சட்டப்படி சரியென்று ஆகிவிடாது. மீறினால் குற்ற வழக்கு, அதோடு கிரீன் கார்டு கனவும் போகும். தெரிந்தே கொடுத்தவர் என்ற முறையில் நீங்களும் மாட்டுவீர்கள். விலக்கு தங்களுக்குப் பொருந்துமா என்று குடியேற்ற வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்ட பிறகு போகட்டும்.

கேள்வி (கோயம்புத்தூர்): உரிமத்தோடு .32 பிஸ்டல் வைத்திருக்கிறேன். தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து மாதக்கணக்கில் இருந்து திரும்பி வந்திருக்கிறது. கையில் பழைய தோட்டாக்களும் உள்ளன. எப்படிச் சோதிப்பது?

பதில்: முதலில் தோட்டாப் பெட்டியைப் பாருங்கள். நம் ஊரில் ".32" என்று இரண்டு வேறு தோட்டாக்கள் விற்கின்றன. பிஸ்டலுக்கு உரியது 7.65×17, அதாவது .32 ஏசிபி. நம் ஆயுதத் தொழிற்சாலை .32 ரிவால்வருக்கு உரியது 7.65×23, அதாவது .32 ஸ்மித் அண்ட் வெசன் லாங். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது. உரிமத்தில் ".32" என்று மட்டும் எழுதியிருப்பதால் கடையிலேயே மாறிப்போவதுண்டு. கேஸ் நீளத்தை அளந்து வாங்குங்கள்.

தோல் உறையில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளையில் பச்சை பூத்திருக்கும். தோல் பதனிடும் ரசாயனமும் ஈரமும் சேர்ந்து செய்கிற வேலை அது. பச்சை பிடித்தது, நசுங்கியது, குண்டு உள்ளே அமுங்கியது எல்லாவற்றையும் தனியே எடுத்துவிடுங்கள். குண்டு உள்ளே அமுங்கிய தோட்டாவில் அழுத்தம் எகிறும். ஒரே தோட்டாவைத் தினமும் சேம்பரில் ஏற்றி இறக்கினால் இது நடக்கும். புதுத் தோட்டாவின் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை ஒப்பிட்டால் கண்ணுக்கே தெரியும்.

பிஸ்டலைக் கழற்றி, பேரலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். புள்ளிப் புள்ளியாகத் துரு இருந்தால் பித்தளைத் தூரிகையும் எண்ணெயும் போட்டுத் தேய்க்கலாம். உள்ளே எங்காவது நிழல் வளையம் போல் தெரிந்தால் பேரல் உப்பியிருக்கிறது. சுடாமல் உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். மேகசினைப் பிரித்து ஸ்பிரிங்கையும் துடையுங்கள்.

.32 ஏசிபிக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. 1899-இல் பிரவுனிங் வடிவமைத்த இந்தத் தோட்டாவின் அடிவிளிம்பு, கேஸைவிடச் சற்றே அகலம். மேகசினில் மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் கோத்துக்கொள்ளும். ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் மேல் தோட்டா நகராது. நிரப்பும்போது ஒவ்வொன்றின் விளிம்பும் முந்தையதன் விளிம்புக்கு முன்னால் உட்காருகிறதா என்று பாருங்கள். நிரப்பியபின் மேகசினின் முதுகை உள்ளங்கையில் தட்டாதீர்கள். நீளம் குறைந்த ஹாலோ பாயிண்ட்டில் மேகசினுக்குள் இடம் அதிகம் மிஞ்சுவதால் இது இன்னும் சுலபமாக நடக்கும்.

சுட வேண்டிய இடம், அனுமதி பெற்ற ரைஃபிள் கிளப்பின் தளம் மட்டுமே. தோட்டத்திலோ கிணற்று மேட்டிலோ ஒன்றிரண்டு சுட்டுப் பார்ப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வழக்காகும், உரிமமும் போகும். உரிமத்தில் குறித்த எண்ணிக்கைக்குள்தான் தோட்டா வாங்க முடியும் என்பதால் 200 சுடுவது உங்களுக்கு நடக்காது. புதுத் தோட்டாவில் 20 முதல் 25 வரை சுடுங்கள், இரண்டு மேகசினிலும் பாதிப் பாதி. பழையவற்றைச் சுடுவதானால் ஒவ்வொன்றாக ஏற்றி, சத்தத்தையும் உதையையும் கவனித்துச் சுடுங்கள். மேலே சொன்ன "புஸ்" சத்தம் பழைய தோட்டாவில்தான் அதிகம் வரும். வெற்றுக் கேஸ்களை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை வாங்கப் போகும்போது கேட்பார்கள்.

கேள்வி (சான் ஹோசே): உள்ளரங்கத் தளத்தில் சுடுகிறேன். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. ஈயம் பற்றிப் பயப்பட வேண்டுமா? காதுக்கு நுரை அடைப்பான் போதுமா?

பதில்: ஈயத்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ப்ரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது, குண்டின் அடிப்பகுதி திறந்திருந்தால் அதிலிருந்தும் ஈயம் ஆவியாகும். அந்தத் தூள் கையிலும் சட்டையிலும் முடியிலும் படிந்து வீட்டுக்கு வரும். தளத்தில் எதையும் தின்னவோ குடிக்கவோ வேண்டாம். முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவுங்கள். சுடும் சட்டையும் செருப்பும் தனி; வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைத் தனியாகத் துவைக்கப் போட்டு, குளித்துவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். கர்ப்பிணிகள் உள்ளரங்கத் தளத்துக்கு வரவே வேண்டாம்.

கைத்துப்பாக்கிச் சத்தம் பொதுவாக 150 டெசிபலுக்கு மேல். 140-ஐத் தாண்டும் ஒற்றை வெடியே காதைக் கெடுக்கும். குட்டைப் பேரலில் மருந்து பேரலுக்கு வெளியே வந்தும் எரிவதால் சத்தமும் தீச்சுவாலையும் அதிகம். உள்ளரங்கில் நுரை அடைப்பான் மேல் காதுமூடியும் போடுங்கள். காதின் மேல்பகுதியைப் பின்னே இழுத்து, உருட்டிய நுரையை ஆழமாகச் செருகி, அது உப்பும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டும் போடாத கணக்கு.

கழுத்தை ஒட்டிய சட்டை போடுங்கள். சின்ன பிஸ்டல்கள் கேஸைத் தாறுமாறாக எறியும். சூடான கேஸ் கழுத்து வழியே உள்ளே விழுந்தால் துள்ளித் திரும்பத் தோன்றும். அப்போது கையில் இருப்பது அடுத்த தோட்டா ஏறிய பிஸ்டல். விரலை ட்ரிகரிலிருந்து எடுத்து, வாய்ப்பகுதி இலக்கைப் பார்த்தபடி மேசையில் வைத்த பிறகே சட்டையை உதறுங்கள். சூடு சில நொடிதான்.

கேள்வி (டென்வர்): சோதனை முடிந்து தினமும் பேண்ட் பாக்கெட்டில் வைத்திருக்கிறேன். மறுபடி எப்போது சோதிக்க வேண்டும்?

பதில்: மாதம் ஒருமுறை வெறுமையாக்கித் திறந்து பாருங்கள். பாக்கெட்டுத் துணியின் பஞ்சு, எண்ணெய் பட்ட இடங்களிலும் மேகசின் வாயிலும் திரண்டிருக்கும். ட்ரிகரை முழுதாக மூடும் பாக்கெட் உறை இல்லாமல் வைக்கவே வேண்டாம். எல்சிபி மேக்ஸின் வழக்கமான மாடலில் கட்டைவிரல் சேஃப்டி கிடையாது, அதே பாக்கெட்டில் சாவியோ பேனாவோ இருந்தால் ட்ரிகரில் மாட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, துடைக்காமல் பாக்கெட்டில் இருந்த நிலையிலேயே தளத்துக்குக் கொண்டுபோய் உள்ளே இருக்கும் தோட்டாக்களைச் சுடுங்கள். தூசியோடு ஓடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பிறகு சுத்தம் செய்து புதுத் தோட்டா நிரப்புங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் முதுகுப்பையைத்தான் டிசம்பரில் சென்னைக்கும் எடுத்துப்போக எண்ணம். பிஸ்டலை வீட்டில் பூட்டிவிட்டுத்தான் போவேன். பிரச்சினை உண்டா?

பதில்: உண்டு. வேறு பை எடுத்துப்போங்கள். பையின் மடிப்பில் தங்கிவிட்ட ஒரே ஒரு தோட்டாவுக்காக இந்திய விமான நிலையங்களில் ஆயுதச் சட்டப்படி வழக்குப் பதிவாகி, பயணம் தடைப்பட்டு, நீதிமன்றம்வரை அலைந்தவர்கள் பலர். பெரும்பாலும் அமெரிக்கா திரும்பும்போது அங்கே ஸ்கேனரில்தான் தெரியவரும். வெற்றுக் கேஸ் கிடைத்தாலும் விசாரணைக்கு உட்கார வைப்பார்கள். தளத்துக்கென்று ஒரு பையை ஒதுக்கி, அதை வீட்டிலேயே பூட்டி வைத்துவிடுங்கள். தளத்துக்குப் போட்டுப்போன ஜாக்கெட்டையும் பெட்டியில் வைக்கும் முன் பாக்கெட்டுகளை வெளியே இழுத்து உதறிப் பாருங்கள்; .380 தோட்டாவின் நீளம் 25 மில்லிமீட்டர்தான், தையலுக்குள் ஒளிந்துகொள்ளும்.